டயாலிசிஸ் நோயாளிக்கு எலும்பு ஸ்கேன்: மறுநாள் டயாலிசிஸைத் தள்ளிப்போடச் சொல்கிறார்கள், சரிதானா?

சாட்ஸ்வர்த் மகள், டர்பன்

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. சிறுநீர் அநேகமாக வருவதே இல்லை. பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரப்பிக்கான இரத்தப் பரிசோதனை) அளவு ஏறியிருப்பதாலும் இடுப்பில் தீராத வலி இருப்பதாலும், புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க எலும்பு ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை காலையில் ஊசி போட்டு, சில மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்களாம்.

ஸ்கேன் பிரிவில் கொடுத்த தாளில், ஊசிக்குப் பிறகு ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும் என்று அச்சிட்டிருக்கிறது. அப்பாவுக்கு ஒரு நாள் முழுவதற்கும் அனுமதித்த நீர் அதைவிடக் குறைவு. இன்னொரு பக்கம், டயாலிசிஸ் மையத்தில் இந்தச் செய்தியைச் சொன்னதும், "புதன்கிழமை அழைத்து வர வேண்டாம், உடம்பில் கதிரியக்கம் இருக்கும், இங்கே ஒரு சிஸ்டர் கர்ப்பமாக இருக்கிறார், இயந்திரமும் கெட்டுவிடும், வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் என் இரண்டு வயது மகன் தாத்தாவின் பக்கத்தில்தான் தூங்குவான். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன்.

அணு மருத்துவத் தொழில்நுட்பர், ஜோகன்னஸ்பர்க்

வணக்கம், தங்கை. முதலில் அந்தத் தாளைப் பற்றி. அது சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறவர்களுக்காக அச்சிடப்பட்ட பொதுத் தாள். எலும்பு ஸ்கேனில் போடும் எம்டிபி என்ற மருந்தில் எலும்பில் ஒட்டாத பகுதி சிறுநீர் வழியாக வெளியேறும் என்பதால், அந்தப் பகுதி சிறுநீர்ப்பையில் தேங்காமல் கழுவிக்கொண்டு போவதற்காகத்தான் தண்ணீர் குடிக்கச் சொல்கிறோம். அப்பாவுக்குச் சிறுநீரே வராதபோது ஒன்றரை லிட்டர் தண்ணீரால் எந்தப் பயனும் கிடையாது. அது நுரையீரலிலும் கால்களிலும்தான் போய்ச் சேரும். வழக்கமாக அவருக்கு அனுமதித்த அளவைத் தாண்டி ஒரு டம்ளர்கூடக் கொடுக்க வேண்டாம். "டயாலிசிஸ் நோயாளி" என்பதை ஸ்கேன் பிரிவுக்கு இப்போதே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். சீட்டில் எழுதியிருப்பார்கள் என்று நம்பி இருந்துவிடாதீர்கள், பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.

அதைச் சொல்ல வேறொரு காரணமும் உண்டு. சிறுநீரகம் வெளியேற்றாததால் மருந்து இரத்தத்திலும் தசையிலும் கூடுதல் நேரம் தங்கி, படம் மங்கலாக வரும். தெரிந்திருந்தால் வழக்கமான மூன்று மணி நேரத்தோடு நிறுத்தாமல் இன்னும் தாமதித்து எடுப்போம், தேவைப்பட்டால் மறுநாள் காலையிலும் ஒரு படம் எடுப்போம். நீண்ட கால டயாலிசிஸில் பாராதைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்து எலும்பு முழுவதுமே மருந்தை அளவுக்கு மீறி உறிஞ்சுவதும் உண்டு. எலும்பெங்கும் பரவிய புற்றுநோயின் படமும் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். படத்தைப் படிக்கும் மருத்துவருக்கு டயாலிசிஸ் விவரம் தெரியாவிட்டால் குழப்பம் நேரும், பிறகு இன்னொரு ஸ்கேன், இன்னொரு கதிர்வீச்சு என்று போகும்.

மருந்தோடு சேர்த்திருப்பது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள். அதன் அரை ஆயுட்காலம் 6 மணி நேரம். அதாவது, உடம்பிலிருந்து ஒரு துளிகூட வெளியேறாவிட்டாலும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை அதன் கதிரியக்கம் தானாகவே பாதியாகும். புதன்கிழமை காலையில் 16-இல் ஒரு பங்குதான் மிஞ்சும்.

லெனேசியா நோயாளி

அம்மா, நான் பல ஆண்டுகளாக டயாலிசிஸில் இருப்பவன். இந்த இழையில் வேறு எதை விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள்: புதன்கிழமை டயாலிசிஸைத் தவறவிடக் கூடாது. திங்களுக்குப் பிறகு வெள்ளி என்றால் இடையில் 96 மணி நேரம். வார இறுதியில் வரும் 72 மணி நேர இடைவெளியே எங்களுக்கு ஆபத்தானது. அந்த நீண்ட இடைவெளிக்குப் பிறகுதான் இதயம் நின்று இறப்பவர்கள் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பொட்டாசியம் ஏறினால் முன்னறிவிப்பு எதுவும் இருக்காது. கண்ணுக்குத் தெரியாத கதிருக்குப் பயந்து, கண்ணெதிரே இருக்கும் ஆபத்தை மடியில் கட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக அறுவைச் சிகிச்சையில் இணைத்த இரத்தக்குழாய்) இருக்கும் கையில் ஊசி போட விடாதீர்கள். மறு கையின் புறங்கையில் இருக்கும் நரம்பில் மெல்லிய ஊசியால் போடச் சொல்லுங்கள். ஸ்கேன் பிரிவில் அவசரத்தில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் நரம்பைத்தான் தேடுவார்கள், அப்படிப் புடைத்துத் தெரிவது ஃபிஸ்டுலாதான். நான் போகும்போது அந்தக் கையில் ஒரு துணிப் பட்டையைத் தளர்வாகச் சுற்றிக்கொண்டு போவேன், அதைப் பார்த்ததும் அவர்களே கேட்டுவிடுவார்கள்.

மாரிட்ஸ்பர்க் சிஸ்டர்

எல்லாருக்கும் வணக்கம். நான் டயாலிசிஸ் பிரிவில் பணிபுரிபவள் என்பதால் மறு தரப்பையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மையத்தார் நோயாளியைத் திருப்பி அனுப்புவது தவறுதான், ஆனால் அது இரக்கமின்மையால் வருவதில்லை. எங்கள் பயிற்சியில் தொற்று பற்றி நிறையச் சொல்லித் தருகிறார்கள். ஹெபடைடிஸ் பி உள்ளவருக்குத் தனி இயந்திரம் ஒதுக்குவது எங்களுக்குக் கைவந்த பழக்கம். கதிரியக்கம் பற்றி யாரும் ஒரு மணி நேரம்கூடச் சொல்லித் தருவதில்லை. அதனால் "கதிரியக்கம்" என்று கேட்டவுடன், ஒருவரிடமிருந்து இயந்திரத்துக்கும் இயந்திரத்திலிருந்து அடுத்தவருக்கும் ஒட்டிக்கொள்ளும் ஒன்று என்று மனம் கற்பனை செய்துவிடுகிறது. ஸ்கேன் பிரிவிலிருந்து எங்களுக்கு ஒரு கடிதமோ அழைப்போ வருவதில்லை. நோயாளி சொன்னால்தான் தெரியும், அவர் சொல்லாமலேயே வந்து போனவர்களும் இருப்பார்கள்.

ஆகவே தெரிந்தவர்கள் தயவுசெய்து எண்களோடு சொல்லுங்கள். மறுநாள் அவருக்கு ஊசி குத்தி, நான்கு மணி நேரம் பார்த்துக்கொண்டால் எனக்கு எவ்வளவு கதிர் படும்? இரத்தத்தின் கழிவை வாங்கிக்கொண்டு வெளியேறும் திரவமான டயாலிசேட்டைச் சாக்கடையில் விடலாமா? இரத்தத்தை வடிகட்டப் பயன்படுத்திய டயலைசரையும் குழாய்களையும் என்ன செய்வது?

மருத்துவ இயற்பியலர், கேப் டவுன்

சிஸ்டரின் கேள்விகள் மிகச் சரியானவை, எண்களோடு பார்ப்போம்.

எலும்பு ஸ்கேனுக்குப் பெரியவர்களுக்குப் போடும் அளவு சுமார் 600 மெகாபெக்கெரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்று வைத்துக்கொள்வோம். ஊசி போட்ட உடனே, நோயாளியிடமிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ 10 மைக்ரோசீவர்ட்டுக்கும் குறைவாக இருக்கும் (சீவர்ட் என்பது உடம்பில் படும் கதிர்வீச்சின் அலகு, ஆயிரம் மைக்ரோசீவர்ட் ஒரு மில்லிசீவர்ட்). சிறுநீரே வராதவர் என்பதால் எதுவும் வெளியேறவில்லை என்றே கணக்கிடுகிறேன். செவ்வாய் காலை ஒன்பது மணிக்குப் போட்டால் புதன் காலை ஒன்பது மணிக்கு நான்கு அரை ஆயுட்காலங்கள் கழிந்திருக்கும். 10-ஐ 16-ஆல் வகுத்தால் மணிக்கு 0.6 மைக்ரோசீவர்ட். சிஸ்டர் நான்கு மணி நேரமும் ஒரு மீட்டர் தூரத்தில் அசையாமல் நின்றாலும் 2.5 மைக்ரோசீவர்ட்டைத் தாண்டாது. ஊசி குத்தும்போது நெருங்கி நிற்கும் சில நிமிடங்கள் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றுவதில்லை.

இயற்கையான மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் மனிதர் ஒருவர் பெறும் கதிர்வீச்சு உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது நாளொன்றுக்கு ஆறு மைக்ரோசீவர்ட்டுக்குச் சற்று மேல். அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டருக்குக் கூடுதலாகக் கிடைப்பது, அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாலே ஒரு நாளில் கிடைப்பதில் பாதிகூட இல்லை.

கர்ப்பிணிக்கு வருவோம். கர்ப்பத்தை அறிவித்த நாளிலிருந்து பிரசவம் வரை கருவுக்குச் சேரும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் பரிந்துரை. அந்த வரம்பை எட்ட, இப்படிப்பட்ட நோயாளிகளை மறுநாளில் நானூறு முறை பக்கத்திலேயே நின்று பார்க்க வேண்டும். இருந்தாலும் இன்னொரு சிஸ்டர் பணியில் இருந்தால் அவரிடம் மாற்றிக்கொள்வதில் யாருக்கும் நட்டமில்லை, மனமும் அமைதியாக இருக்கும். மாற்ற ஆளில்லை என்பதற்காக நோயாளியைத் திருப்பி அனுப்புவதைத்தான் என்னால் ஏற்க முடியாது.

இயந்திரம் கெடாது. இரத்தம் ஓடுவது ஒரு முறை பயன்படுத்தும் குழாய்களிலும் டயலைசரிலும்தான். டயாலிசேட் ஓடும் உள்வழியை ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் எப்படியும் கழுவிக் கிருமி நீக்குகிறீர்கள். நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் டயாலிசேட் வெளியேறுகிறது. மறுநாளில் மருந்தின் பெரும்பகுதி எலும்பில் ஒட்டியிருக்கும், இரத்தத்தில் மிதக்கும் சொற்பம்தான் அந்த 120 லிட்டரில் கலக்கும். வழக்கமான வடிகாலிலேயே போகட்டும். கையுறை, ஏப்ரன், முகக் கவசம் என்று எந்த நோயாளிக்கும் நீங்கள் அணிவதே போதும். ஈய ஏப்ரன் தேவையில்லை.

டயலைசரையும் குழாய்களையும் தனிப் பையில் கட்டி, மருந்தின் பெயரையும் ஊசி போட்ட தேதியையும் நேரத்தையும் எழுதி, ஆட்கள் நடமாடாத ஓரிடத்தில் வையுங்கள். பத்து அரை ஆயுட்காலம், அதாவது 60 மணி நேரம் போனால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் இருக்கும். செவ்வாய் காலை ஊசிக்கு அது வியாழன் இரவு. வெள்ளி காலை மற்ற மருத்துவக் கழிவுகளோடு அனுப்பிவிடலாம். இதற்குக் காரணம் ஆபத்து அல்ல. கழிவு எரிக்கும் இடங்களில் கதிரியக்க அலாரம் இருந்தால் அது அலறி, ஊரெல்லாம் விசாரணை கிளம்பும், அதைத் தவிர்க்கத்தான்.

பீனிக்ஸ் வாசகர், டர்பன்

ஐயாவின் கணக்கை மதிக்கிறேன். ஆனாலும் ஓர் ஐயம். கதிர்வீச்சை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும் என்பதுதானே நீங்களெல்லாம் பின்பற்றும் நெறி? ஒரு நாள் தள்ளி வியாழக்கிழமை செய்தால் அந்த 2.5-உம் இல்லாமல் போகுமே. சிறியதே ஆனாலும் தவிர்க்கக்கூடியதை ஏன் தவிர்க்கக் கூடாது?

மருத்துவ இயற்பியலர், கேப் டவுன்

நல்ல கேள்வி. "குறைக்க வேண்டும்" என்ற நெறியோடு "நியாயமாக இயன்ற அளவுக்கு" என்ற சொற்களும் சேர்ந்தே இருக்கின்றன. வியாழக்கிழமை இடம் காலியாக இருந்து, நோயாளியின் எடையும் பொட்டாசியமும் கட்டுக்குள் இருந்து, சிறுநீரக மருத்துவரும் சம்மதித்தால் எனக்கு மறுப்பில்லை. நடைமுறையில் நம் தென்னாப்பிரிக்காவில் டயாலிசிஸ் நாற்காலி அப்படிக் காலியாக இருப்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் இடமில்லாமல் டயாலிசிஸே கிடைக்காமல் போகிறவர்கள் இருக்கும் நாடு இது. ஒரு நாள் என்று தொடங்குவது இரண்டு நாளாகி, சாட்ஸ்வர்த் தங்கைக்குச் சொன்னது போல வெள்ளிக்கிழமையில் போய் நிற்கிறது. ஒரு தராசுத் தட்டில் இரண்டரை மைக்ரோசீவர்ட், மறு தட்டில் 96 மணி நேரம் தேங்கிய பொட்டாசியமும் நீரும். இதை நிறுத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

குறைக்க வேண்டுமென்றால் தேதியைக் குறிக்கும்போதே குறைக்கலாம். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலையில் ஸ்கேன் என்று வைத்தால், உடம்பில் நீர் குறைவாக இருக்கும்போது நோயாளி காமா கேமராவின் கீழ் மூச்சுத் திணறாமல் படுத்திருப்பார், அடுத்த டயாலிசிஸுக்குள் ஏறக்குறைய 24 மணி நேரமும் கிடைக்கும். அப்பாவுக்கு நல்வாய்ப்பாக அப்படியே அமைந்திருக்கிறது, செவ்வாய்க்கிழமையை மாற்றச் சொல்லாதீர்கள்.

வெருலம் வாசகி

இடையில் ஒரு சிறு கேள்வி. என் தாயாருக்கு வயிற்று வழி டயாலிசிஸ் வீட்டிலேயே நடக்கிறது. அவருக்கும் இதே ஸ்கேன் என்றால் வடியும் நீரை என்ன செய்ய வேண்டும்?

அணு மருத்துவத் தொழில்நுட்பர், ஜோகன்னஸ்பர்க்

ஊசி போட்ட நாளிலும் மறுநாளிலும் கையுறை அணிந்து, வடிந்த நீரைத் தெறிக்காமல் கழிப்பறைத் தொட்டியில் ஊற்றி இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். காலிப் பையை உறையில் கட்டி இரண்டு மூன்று நாள் வீட்டுக்கு வெளியே வைத்திருந்து பிறகு எறியுங்கள். அம்மாவின் டயாலிசிஸ் சுழற்சி எதையும் நிறுத்த வேண்டாம்.

சாட்ஸ்வர்த் தங்கையின் மகனைப் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை. செவ்வாய் இரவு மட்டும் அவன் உங்களோடு தூங்கட்டும். தாத்தாவை அணைத்தபடி இரவெல்லாம் படுத்திருந்தாலும் பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பான 1 மில்லிசீவர்ட்டுக்கு வெகு கீழேதான் இருக்கும். ஆனால் அதைத் தவிர்ப்பதற்கு ஒரு தலையணையை இடம் மாற்றினால் போதும் என்பதால் தவிர்த்துவிடலாம். பகலில் மடியில் ஏறி இறங்குவதையெல்லாம் தடுத்துத் தாத்தாவை ஒதுக்கப்பட்டவராக உணரச் செய்யாதீர்கள். அப்பாவுக்குக் கிடைக்கும் அளவு மூன்று, நான்கு மில்லிசீவர்ட் அளவில் இருக்கும். சிறுநீரகம் இயங்காததால் சில உறுப்புகளுக்குச் சற்றுக் கூடும், சிறுநீர்ப்பைக்குக் குறையும். ஆறு மணி நேர அரை ஆயுட்காலம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கூரை போட்டுவிடுகிறது.

இந்த மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமா என்றும் பலர் கேட்பார்கள். சிடி ஸ்கேனின் அயோடின் மருந்துக்கும் எம்ஆர்ஐ-யின் கடோலினியத்துக்கும் சிறுநீரக நோயாளிகளுக்குச் சொல்லும் எச்சரிக்கைகள் இதற்குப் பொருந்தாது. இங்கே உடம்புக்குள் போகும் வேதிப்பொருளின் எடை மிக மிகச் சொற்பம்.

சாட்ஸ்வர்த் மகள், டர்பன்

எல்லாருக்கும் நன்றி. இங்கே எழுதியவற்றைத் தாளில் எடுத்துக்கொண்டு இன்று மையத்தின் பொறுப்பாளரைப் பார்த்தேன். பொறுமையாகப் படித்தார். "எழுத்தில் ஏதாவது கொடுங்கள், வாய்வார்த்தையை நம்பி என் ஊழியர்களிடம் சொல்ல முடியாது" என்றார். அது நியாயமாகவே பட்டது. ஸ்கேன் பிரிவிடம் கடிதம் கேட்டால் தருவார்களா? அதில் என்னென்ன இருக்க வேண்டும்?

அணு மருத்துவத் தொழில்நுட்பர், ஜோகன்னஸ்பர்க்

கேட்டால் தருவார்கள், கேட்பது உங்கள் உரிமை. 1973-ஆம் ஆண்டின் அபாயப் பொருட்கள் சட்டத்தில் கதிரியக்கப் பொருட்கள் நான்காம் பிரிவில் வருகின்றன. அவற்றைப் பயன்படுத்த உரிமம் பெற்ற எந்த மருத்துவமனையிலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருப்பார். அவரையே நேராகக் கேளுங்கள். கடிதத்தில் மருந்தின் பெயர், ஐசோடோப்பு, மெகாபெக்கெரலில் அளவு, ஊசி போட்ட தேதியும் நேரமும், "டயாலிசிஸை வழக்கம் போலச் செய்யலாம், வழக்கமான முன்னெச்சரிக்கைகள் போதும்" என்ற ஒரு வரி, சந்தேகம் வந்தால் அழைக்க ஒரு தொலைபேசி எண் ஆகியவை இருந்தால் போதும். அதே கடிதத்தின் பிரதியை அப்பாவின் பையில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரத்தில் கிங் ஷாகா விமான நிலையம் வழியாகப் போக நேர்ந்தால், அலாரம் அடித்தாலும் காட்டிக்கொள்ளலாம்.

இந்த டெக்னீசியம் எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல ஆசைப்படுகிறேன். பிரிட்டோரியாவுக்கு மேற்கே பெலிண்டாபாவில் 1965 முதல் இயங்கும் சஃபாரி-1 உலையில்தான் இதன் தாய்ப்பொருளான மோலிப்டினம்-99 தயாராகிறது. உலகின் பல நாட்டு மருத்துவமனைகளுக்கும் இங்கிருந்துதான் போகிறது. மோலிப்டினத்தின் அரை ஆயுட்காலம் 66 மணி நேரம் என்பதால் அதை அடைத்த, டெக்னீசியத்தை வடித்தெடுக்கும் கலமான ஜெனரேட்டர் வாரத்தின் போக்கில் வலுவிழந்துகொண்டே வரும். சில மருத்துவமனைகளில் பெரிய அளவு தேவைப்படும் ஸ்கேன்களை வாரத் தொடக்கத்தில் வைக்க முயல்வது இதனால்தான். உங்கள் டயாலிசிஸ் நாட்களை முன்கூட்டியே சொன்னால் எங்களால் இரண்டையும் பொருத்திப் பார்க்க முடியும். முதல் நாள் மாலையில் சொன்னால் முடியாது.

மாரிட்ஸ்பர்க் சிஸ்டர்

இயற்பியலர் ஐயாவுக்கு நன்றி. கணக்கை எங்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். ஆனால் ஒன்று தெளிவாக வேண்டும். எங்களிடம் வரும் ஒருவருக்குத் தைராய்டு புற்றுக்காக அயோடின்-131 கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதற்கும் இதே கணக்கா?

மருத்துவ இயற்பியலர், கேப் டவுன்

இல்லை, அதே கணக்கு இல்லவே இல்லை. தயவுசெய்து நான் மேலே எழுதியதை அறிவிப்புப் பலகையில் ஒட்டும்போது "டெக்னீசியம்-99எம் ஸ்கேனுக்கு மட்டும்" என்று தலைப்பிலேயே பெரிதாக எழுதுங்கள்.

அயோடின்-131-இன் அரை ஆயுட்காலம் 8 நாட்கள். காமா கதிரின் ஆற்றல் டெக்னீசியத்தின் 140-க்கு எதிராக 364 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அதோடு பீட்டா கதிரும் உண்டு. கொடுக்கும் அளவும் ஸ்கேனுக்குக் கொடுப்பதைவிடப் பன்மடங்கு. சிறுநீரகம் இயங்குகிறவருக்குத் தைராய்டு திசு எடுத்துக்கொள்ளாத அயோடினின் பெரும்பகுதி முதல் இரண்டு நாட்களில் சிறுநீரில் போய்விடும். உங்கள் நோயாளிக்கு அந்த வழி இல்லை. எட்டு நாள் அரை ஆயுட்காலம் கொண்ட பொருள் உடம்பிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்படும். டயாலிசிஸ் அயோடினை நன்றாக வெளியேற்றும் என்பதால், அங்கே டயாலிசிஸே பாதுகாப்பின் முக்கிய கருவியாகிறது: ஒரு டயாலிசிஸ் முடிந்த கையோடு மருந்தைக் கொடுத்து, அடுத்ததை எப்போது செய்வது என்பதை அணு மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் இயற்பியலரும் சேர்ந்து உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டும். அளவையும் அவருக்கென்று தனியாகக் கணக்கிட வேண்டும்.

அந்த டயாலிசிஸ் உங்கள் பொதுக் கூடத்தில் நடக்கக் கூடாது. ஈயச் சுவருள்ள தனிமை அறைக்கு இயந்திரத்தைக் கொண்டுபோய், அங்கே செய்ய வேண்டும். பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் டோசிமீட்டர் (தன் மேல் படும் கதிரை அளக்கும் கருவி) அணிய வேண்டும், ஊசி குத்தியபின் தடுப்புக்குப் பின்னால் அமர வேண்டும், இருவர் முறை மாற்றிக்கொள்ள வேண்டும், கர்ப்பிணி அறைக்குள் நுழையவே கூடாது. டயலைசரும் குழாய்களும் பத்து அரை ஆயுட்காலம், அதாவது 80 நாட்கள், உரிமம் பெற்ற கழிவு அறையில் இருக்க வேண்டும். இயந்திரத்தை அளவிட்டுப் பார்த்த பிறகே வெளியே எடுக்கலாம். புராஸ்டேட் புற்றுக்குக் கொடுக்கும் லுட்டீசியம்-177 சிகிச்சையும் இந்த வகையைச் சேர்ந்ததே. அதன் அரை ஆயுட்காலம் ஆறரை நாளுக்குச் சற்று மேல், அதுவும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறும். சாட்ஸ்வர்த் தங்கையின் அப்பாவுக்குப் பின்னாளில் அப்படி ஒரு பேச்சு வந்தால், இப்போது வாங்கும் கடிதத்தை அப்போது காட்டாதீர்கள், புதிதாகக் கேளுங்கள்.

சிஸ்டர், உங்கள் நோயாளிக்கு இன்னும் தேதி குறிக்கவில்லை என்றால் முதல் வேலையாக அந்தத் தனிமை அறையைப் போய்ப் பாருங்கள். டயாலிசிஸ் இயந்திரத்துக்கு ஏற்ற தண்ணீர்க் குழாயும் வடிகாலும் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். சிகிச்சை அறை கட்டியவர்கள் டயாலிசிஸை நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள். இல்லையென்றால் நகர்த்தக்கூடிய ஆர்ஓ (தண்ணீர்ச் சுத்திகரிப்பு) கருவியை ஏற்பாடு செய்து, மருந்து கொடுப்பதற்கு முந்தைய வாரமே அந்த அறையில் ஒரு முறை இயந்திரத்தை நோயாளி இல்லாமல் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். மருந்து உள்ளே போன பிறகு தண்ணீர் அழுத்தம் போதவில்லை என்று கண்டுபிடித்தால், அவரை வேறு எங்கும் கொண்டுபோகவும் முடியாது.